ஏற்காட்டுக்கு அளவுகோலுடன் வந்த எட்கர் தர்ஸ்டன்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றியோ, அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியோ, இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அப்பெருமக்களின் வரலாற்றை எழுதத் தக்கார் நம்முள் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ ஓர் ஆங்கிலேயரின் வரலாறு. நம் மக்களுக்காகப் பாடுபட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நம் மக்களுக்குத் தீங்கு நினைத்தவர் என்றும் சொல்ல முடியாது. ஆயினும் நாம் யார், நம் பழக்கவழக்கங்கள் எவை என்று நூறாண்டுகளுக்கும் மேலாக அரசு அலுவலர்களும், நீதிமன்றங்களும், ஆராய்ச்சியாளர்களும் எடுத்துப் புரட்டும் நூல் அவருடையது. சாதிச் சான்று பற்றிய வழக்குகளில் அந்நூலின் பெயரைக் கேள்விப்பட்ட இளைஞர்கள் நம்மிடையே இருக்கலாம். அந்நூலை எழுதியவர், நம் சேர்வராயன் மலைக்கே அளவுகோலும் கையுமாக வந்து போனவர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர்தாம் எட்கர் தர்ஸ்டன்.

தர்ஸ்டன் 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில், லண்டன் மாநகரையடுத்த கியூ என்னும் ஊரில் பிறந்தார். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியிலும், பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கற்று, 1877-இல் மருத்துவரானார். சிறிது காலம் மனநோய் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்தார். கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்தையும் கவனித்து வந்தார். மனித உடலைப் பகுத்துப் பார்க்கும் மருத்துவக் கண்ணும், பொருள்களை வகைப்படுத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைக்கும் அருங்காட்சியகக் கையும் அவருக்கு இளமையிலேயே வாய்த்துவிட்டன. பின்னாளில் அவர் செய்த நன்மைக்கும் குறைக்கும் இவ்விரண்டுமே காரணம் என்பது நமது கருத்து.

1885-ஆம் ஆண்டு, தம் முப்பதாவது வயதில், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டுக் கப்பலேறி வந்து சேர்ந்தார். அந்நிலையத்தை 1851-இல் தொடங்கி வைத்தவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். தர்ஸ்டன் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் அப்பொறுப்பிலிருந்தார். தொடக்கத்தில் அவர் மனிதரைப் பற்றி ஆராயவில்லை. பழங்காசுகளுக்குப் பட்டியல் தயாரித்தார். இராமேசுவரம், தூத்துக்குடிக் கடற்பகுதிகளில் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு ஆகியவற்றைக் கண்டு 1890-இல் நூல் வெளியிட்டார். மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைத் தொகுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் கற்பித்தார். அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பரில் திறக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். இவையெல்லாம் நிற்க.

1894-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. வங்காள ஆசியக் கழகத்திடமிருந்து உடல் அளக்கும் கருவிகளை இரவலாகப் பெற்று, நீலகிரி மலைக்குச் சென்று தோடர், கோத்தர், படகர் ஆகிய மக்களை அளக்கத் தொடங்கினார். காசுகளையும் கிளிஞ்சல்களையும் அளந்த கை அதுமுதல் மனிதரை அளக்கலாயிற்று.

எதை அளந்தார், எதற்காக அளந்தார் என்பதை இளைஞர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். உயரம், கைகளை விரித்த நீளம், மார்பின் சுற்றளவு, தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். இவற்றுள் மூக்கிற்கே அந்நாளில் பெருமதிப்பு. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வருவது மூக்குக் குறியெண். எழுபதுக்குக் கீழ் வந்தால் கூர்மூக்கு. எழுபதிலிருந்து எண்பத்தைந்துவரை நடுத்தர மூக்கு. அதற்கு மேல் சப்பை மூக்கு. எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான் இது. இக்கணக்கின் மீது எழுப்பப்பட்ட மாளிகையோ மிகப் பெரிது. வங்காளத்தில் ஆட்சிப் பணியிலிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி என்பார், மூக்கு அகன்று போகப் போகச் சாதிப் படியில் ஒருவர் நிலை தாழ்ந்து போகிறது என்று 1891-இல் அச்சிட்டே வெளியிட்டார். சாதி என்பது மனிதர் செய்த ஏற்பாடு அன்று, இயற்கை முகத்தில் எழுதிய எழுத்து என்பதே அதன் பொருள். வடக்கே ரிஸ்லி செய்த வேலையைத் தெற்கே செய்தவர் தர்ஸ்டன். ஆயினும் ரிஸ்லியைப் போல ஒரே விதியில் எல்லாவற்றையும் அடைத்துவிடும் ஆர்வம் தர்ஸ்டனிடம் அவ்வளவாக இல்லை. அவர் தொகுப்பாளர். கண்டதையும் கேட்டதையும், பிறர் எழுதி அனுப்பியதையும் கொட்டிக் குவிப்பதில் இன்பம் கண்டவர். கொள்கை தளர்ந்த இடத்திலும் அவர் தந்த செய்தி நிலைத்து நிற்பதற்கு இக்குணமே காரணம்.

அளவுகோலோடு காமிராவும் வந்தது. நம் நாட்டு மக்களை வகை வகையாகப் படம்பிடித்து வைக்கும் வேலையை ஆங்கில அரசு முன்னரே தொடங்கியிருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்கள் பற்றிய படநூல் ஒன்று லண்டனிலிருந்து வெளிவந்தது. அதற்குப் படம் எடுத்துத் தந்தவர்களுள் ஒருவர் சென்னைக் குதிரைப்படை அலுவலர் வில்லபி ஹூப்பர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், எலும்புந் தோலுமாய்க் கிடந்த மக்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தவரும் இவரே. எடுத்தவர் அவர்களுக்கு உதவினாரா என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்து, அவர்மேல் கண்டனமும் பிறந்தது. அப்பஞ்சம் நம் சேலம் மாவட்டத்தை எவ்வாறு அழித்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சான்று. 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள், 1881-இல் 16 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவாயினர். இடையில் பத்தாண்டுகள் பிறந்த குழந்தைகளையும் சேர்த்த கணக்கு இது. மாண்டவர்களில் நிலமற்ற கூலிகளே மிகுதி என்று சொல்லவும் வேண்டுமோ?

தர்ஸ்டன் சேர்வராயன் மலைக்கு வந்தது 1890-களின் பிற்பகுதியில். மலையாளிகளை அளக்கவே அவர் வந்தார். மலையாளி என்றதும் கேரள நாட்டாரை நினைத்தல் கூடாது. மலையை ஆள்பவர் மலையாளி. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் இம்மக்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்றும், உடன்பிறந்தார் பிரிந்து மலைக்கு ஒருவராகச் சென்று குடியேறினர் என்றும் அவர்கள் சொல்லும் கதையைத் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று இம்மலை மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்ததும், பட்டக்காரர், மூப்பர் என்னும் தலைவர்கள் நியாயம் தீர்த்ததும், எருதாட்டமும், திருமண முறைகளும் பழைய ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. மலையின் உச்சியில், ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், குகைக்குள் கோயில் கொண்டிருக்கும் சேர்வராயனே அவர்களுக்கு மலையின் தெய்வம்.

அளக்க வந்த துரையைக் கண்டு மலை மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதைத் தர்ஸ்டனே தம் நூலின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். தம் நிலங்களையெல்லாம் சர்க்காருக்கு எடுத்துக்கொண்டு, தம்மை அந்தமான் தீவுச் சிறைக் குடியிருப்புக்கு அனுப்பிவிடவே இவர் வந்திருக்கிறார் என்று மலையாளிகள் அஞ்சினார்களாம். இதனை அவர் வேடிக்கைச் செய்திகளில் ஒன்றாகவே சொல்லிச் செல்கிறார். படித்த பலரும் அவ்வாறே படித்துச் சிரித்து மேலே சென்றிருப்பார்கள்.

நாம் அங்கே சற்று நிற்க வேண்டும். அந்த அச்சம் அறியாமையா? எண்ணிப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அடுத்து வந்த அறுபது எழுபது ஆண்டுகளில் ஆங்கிலத் தோட்ட முதலாளிகள் மலைச்சரிவுகளை வளைத்துக் காப்பித் தோட்டங்கள் ஆக்கினர். காட்டை வெட்டி எரித்துத் தினையும் சாமையும் விதைத்துப் பிழைத்தவர்க்குக் காடு எட்டாப் பொருளாயிற்று. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. நேற்றுவரை நம் காடு என்றிருந்தது ஒரே நாளில் ஒதுக்கப்பட்ட காடாகி, விறகு பொறுக்கவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. மலைக்கு ஏறி வந்த ஒவ்வொரு துரையும் ஏதாவது ஒன்றை அளந்தார். அளந்து முடிந்ததும் அது கையைவிட்டுப் போயிற்று. முதலில் நிலத்தை அளந்தார்கள், பிறகு காட்டை அளந்தார்கள், இப்பொழுது ஆளையே அளக்கிறார்கள் என்றால், ஆளையும் கொண்டுபோகப் போகிறார்கள் என்று எண்ணியது எவ்வளவு பொருத்தமான ஊகம்! அந்தமான் என்பதும் கற்பனை அன்று. 1858 முதல் அத்தீவு அரசின் தண்டனைக் குடியிருப்பாக இருந்தது. ஆண்டாண்டுக் கால அனுபவத்தைக் கொண்டு மலையாளிகள் கணக்குப் போட்டார்கள். விடை தவறாயிருக்கலாம்; கணக்கு முறை சரியானதே. மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய நாம் அதற்கு முக்கால் பங்கு மதிப்பெண் தாராளமாகத் தருவோம்.

இதுபோன்ற அச்சம் வேறிடங்களிலும் எழுந்தது. வயநாட்டுப் பணியப் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டதும் ஓடினார்கள். தங்களுள் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்ற பேச்சே அதற்குக் காரணம். புலியையும் கரடியையும் அவ்வாறு பாடம் செய்து நிறுத்தும் நிலையத்தின் தலைவரைப் பற்றி அப்படி எண்ணாமல் வேறெப்படி எண்ணுவார்கள்? அச்சத்தைப் போக்கச் சில்லறைக் காசுகளும் சுருட்டும் கொடுப்பார். கைப்பிடியின் வலிமையைக் காட்டும் கருவி ஒன்றை நீட்டி அழுத்தச் சொல்வார். யாருக்கு வலிமை மிகுதி என்று இளைஞர்கள் போட்டி போட்டு அழுத்த, கூட்டம் சேர்ந்துவிடும். ஆளைப் பழக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. தம்மைப் பார்த்துத் தாமே நகைத்துக்கொள்ளும் இயல்பும் இருந்தது. கொடியவர் அல்லர் அவர். எனினும் இந்த அளவீட்டுக் கலையை அவர் பல்கலைக்கழக மாணவர்க்கு மட்டுமன்றிக் காவல் துறையினர்க்கும் கற்பித்தார் என்பதை மறைத்தல் ஆகாது. ஆளை அளந்து அடையாளம் வைத்துக்கொள்வது அந்நாளில் காவலர்க்கும் வேண்டியிருந்தது. சில குலங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தும் சட்டம் 1871-இல் வடநாட்டில் பிறந்து, 1911-இல் நம் மாகாணத்திற்கும் வந்தது. அச்சட்டத்தை அவர் இயற்றவில்லைதான். அது வந்து இறங்கிய அறிவுச் சூழலில் அவருக்கும் பங்குண்டு.

மலை மக்களை மட்டுமே அவர் அளக்கவில்லை. 1896-இல் வெளிவந்த அவருடைய அருங்காட்சியக வெளியீடு ஒன்றில், தோடர், கோத்தரோடு சென்னை நகரத்துப் பிராமணர், கம்மாளர், பள்ளி, பறையர் ஆகியோரின் அளவுகளும் உள்ளன. நம் பாட்டன்மார் எழும்பூரில் வரிசையில் நின்று தலையையும் மூக்கையும் அளக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஏதும் நமக்குக் கிடைக்கவில்லை. சென்டிமீட்டர்கள் மட்டும் கிடைத்துள்ளன.

அக்காலத்தில் அவர் கண்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நீலகிரியில் நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடையே சில சீனர் வாழ்ந்து வந்தனர். மலாய்ப் பகுதிச் சிறைகளில் இடமில்லாமையால் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட கைதிகள் அவர்கள். தண்டனை முடிந்தபின் ஊர் திரும்பாமல், நம் பறையர் குலப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் காப்பி வளர்த்தும் நேர்மையாகப் பிழைத்தனர். தர்ஸ்டன் அவர்களைச் சந்தித்துப் பெற்றோரையும் பிள்ளைகளையும் அளந்து எழுதினார். சிறைப்பட்ட அயல்நாட்டானுக்கு மனைவியாகி, மொழி தெரியாதவனோடு மலைச்சரிவில் தோட்டம் போட்ட அப்பெண்ணின் துணிவு என்ன! அதைக் கேட்டறிந்து எழுத அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளின் மூக்கு தந்தையை ஒத்ததா, தாயை ஒத்ததா என்பதே அவருக்குரிய வினாவாக இருந்தது.

1901-இல் இந்திய அரசு நாடு முழுவதும் மக்களினக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியபொழுது, சென்னை மாகாணத்தின் பொறுப்பு தர்ஸ்டனிடம் வந்தது. ஐந்தாண்டுகளுக்கென்று தொடங்கிய வேலை 1909 வரை நீண்டது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரி அவருக்கு வலக்கையாக நின்றார். செய்தி சேகரிப்பதிலும், படப்பிடிப்பிலும் பெரிதும் உழைத்தார். பாடல்களைப் பதிவு செய்யும் போனோகிராப் கருவியும் அவர்களிடம் இருந்தது. 1906-இல் தென்னிந்திய மக்களியற் குறிப்புகள் என்னும் பொருளுடைய நூல் வெளிவந்தது. நம் இளைஞர்கள் அதில் அடிமை முறை பற்றிய பகுதியை அவசியம் படிக்க வேண்டும். மனிதர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதும், அடகு வைக்கப்பட்டதும் நம் மாகாணத்தில் நடந்தவை என்பதற்கு அங்கே சான்றுகள் உண்டு. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை ஏட்டளவில் ஒழித்தது. வயலில் ஒழிந்தது எப்பொழுது என்பதை நம் வீட்டு முதியோரே சொல்வார்கள்.

1909-இல் ஏழு தொகுதிகளாக, தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்று நாம் இன்று தமிழில் அழைக்கும் பெருநூல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஆங்கில அகர வரிசைப்படி குலங்கள் அடுக்கப்பட்டன. இந்த அகர வரிசை நமக்குப் பிடித்திருக்கிறது. மேல் கீழ் என்ற வரிசையை அது கலைத்துவிடுகிறது. பிராமணருக்கு முன்னே படகர் வந்துவிடுகிறார்! மலையாளி நான்காம் தொகுதியில், பறையர் ஆறாம் தொகுதியில்.

பறையர் பற்றிய கட்டுரை நீளமானது. அதன் பெரும்பகுதி ஏ. சி. கிளேட்டன் என்னும் பாதிரியார் சேகரித்த குறிப்புகளையும், அரசு அலுவலர் சிலரின் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டது. உட்பிரிவுகள், திருமணம், தெய்வங்கள், சாவுச் சடங்கு எல்லாம் உண்டு. பழங்காலத்தில் உயர்ந்த நிலையில் இருந்தமைக்கு அடையாளமாகச் சில கோயில்களில் நம்மவர்க்கு இருந்த சிறப்புரிமைகளையும் அது குறிப்பிடுகிறது. கூடவே, நம்மவரின் குணம் இன்னது என்று எங்கோ இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்லும் வரிகளும் உள்ளன. படிக்கும்பொழுது முகம் சிவக்கும். முகம் சிவக்கட்டும், ஆனால் நூலை மூடிவிட வேண்டாம்.

அந்நூல் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இதே சென்னையில் நம்மவர் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் பறையன் என்னும் இதழைத் தொடங்கி நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கி, நம் வரலாற்றை நாமே எழுதும் வேலையில் இறங்கினார். எழும்பூரில் ஒருவர் நம் மூக்கை அளந்துகொண்டிருக்க, இராயப்பேட்டையில் ஒருவர் நம் பழமையை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டும் ஒரே நகரில், ஒரே காலத்தில் நடந்தன.

சீனிவாசனார் 1904-இல் தென்னாப்பிரிக்கா சென்று பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்திற்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் சென்றது முதல் 1911 வரை, ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், வயது, உயரம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் குறிக்கப்பட்டன. அங்கேயும் அளவுதான். ஆனால் அப்பதிவேட்டில் பெயர் இருந்தது. அதனாலேயே இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்கள் தம் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

அந்தத் தென்னாப்பிரிக்காவில், தர்ஸ்டன் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1940-இல் எர்னஸ்ட் கோல் என்னும் கறுப்பினச் சிறுவன் பிரிட்டோரியா நகரருகே பிறந்தான். வளர்ந்து காமிராவைக் கையிலெடுத்தான். நிறவெறி அரசு மக்களை இன வாரியாகப் பிரித்துச் சீட்டுக் கொடுத்து வைத்திருந்த காலம் அது. கறுப்பருக்கு மறுக்கப்பட்ட இடங்களுக்குள் செல்வதற்காகத் தன் பெயரின் எழுத்தை மாற்றி, கலப்பினத்தான் என்று சீட்டு வாங்கிக்கொண்டு, காமிராவை மறைத்து எடுத்துச் சென்று படம் எடுத்தான். தங்கச் சுரங்கத்திற்கு ஆள் எடுக்கும் இடத்தில், ஆடையின்றிக் கைகளைத் தூக்கிச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும் தொழிலாளர் படம் உலகப் புகழ் பெற்றது. அவர்களை உடல் சோதனைக்கு நிறுத்திய மருத்துவரும் தம்மைக் கொடியவர் என்று எண்ணியிருக்க மாட்டார். அப்படங்கள் 1967-இல் நியூயார்க்கில் நூலாயின. தென்னாப்பிரிக்க அரசு நூலைத் தடை செய்தது. கோல் நாடு திரும்ப இயலாமல் 1990-இல் நியூயார்க்கிலேயே மறைந்தார். தர்ஸ்டனின் படத்தையும் கோலின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. இரண்டிலும் மனிதர் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றில் படம் எடுப்பவர் வரிசைக்கு எதிரே நிற்கிறார். மற்றதில் எடுப்பவரும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்.

தர்ஸ்டனும் ரிஸ்லியும் திரட்டிய அளவுகள் பின்னர் எவ்வாறு பயன்பட்டன என்பதை அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1932-இல் ஜி. எஸ். குரியே என்னும் அறிஞர் அவ்வெண்களை மாகாண வாரியாக ஒப்பிட்டார். 1948-இல் அண்ணல் அம்பேத்கர், தீண்டத்தகாதோர் யார் என்னும் தம் ஆராய்ச்சி நூலில் அவ்வட்டவணைகளைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் போல வாதாடினார். மூக்களவு ஓர் அறிவியல் என்றால், அந்த அறிவியல் காட்டுவது என்ன? பிராமணரும் தீண்டத்தகாதோரும் ஒரே இனத்தார் என்பதே. பிராமணர் ஆரியரானால் இவர்களும் ஆரியர்; பிராமணர் திராவிடரானால் இவர்களும் திராவிடர். தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணம் என்ற கதை அங்கேயே விழுந்தது. எதிரியின் படிக்கல்லைக் கொண்டே எதிரியின் சரக்கை நிறுத்துக் காட்டிய அந்தத் திறத்தை எண்ணி எண்ணி நாம் வியந்ததுண்டு. 1950-இல் யுனெஸ்கோ அமைப்பு கூட்டிய அறிஞர் குழுவும், இன ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என அறிவித்தது.

இவற்றையெல்லாம் காண ரிஸ்லியும் இல்லை, தர்ஸ்டனும் இல்லை. தர்ஸ்டன் 1908-இல் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகித் தாய்நாடு திரும்பினார். அரசு அவருக்குப் பட்டம் வழங்கியது. 1912-இல் தென்னிந்தியரின் சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றியும், 1913-இல் சென்னை மாகாணத்தைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். பிறகு மனிதரை விட்டுச் செடிகொடிகளிடம் போய்விட்டார். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியில் குடியேறி, அங்குள்ள தாவரங்களைத் தொகுத்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1922-இல் ஒரு நூலும் எழுதினார். அளக்க வந்தால் ஓடாத உயிர்கள் அவை. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், பென்சான்ஸ் என்னும் கடற்கரை ஊரில், எண்பதாம் வயதையொட்டிக் காலமானார்.

அவருடைய ஏழு தொகுதிகளும் பின்னாளில் மறுபதிப்புப் பெற்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றின் தமிழாக்கத்தையும் வெளியிட்டுள்ளது. ஆங்கில மூலம் இணையத்திலும் கிடைக்கிறது. தாம் படிக்க விரும்பும் உறுப்பினர்கள் முதல் தொகுதியின் முன்னுரையையும், நான்காம் தொகுதியில் மலையாளி பற்றிய பகுதியையும், ஆறாம் தொகுதியில் நம்மவரைப் பற்றிய பகுதியையும் முதலில் படிக்கலாம். பென்சிலோடு படிப்பது நல்லது. எந்தச் செய்தியை யார் சொன்னார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, அதை வீட்டிலுள்ள பாட்டனார் பாட்டிமார்களிடம் கேட்டு, அவர்கள் ஒப்பியதையும் மறுத்ததையும் அவரவர் பெயரோடும் ஊரோடும் எழுதி வைக்கும் வேலையை நம் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை இரண்டு குறிப்பேடுகள் நிறைந்துள்ளன.